அடுக்கில் ஏறாத மேட்டுக்கடை

வேலை தப்பாகப் போனால் வாண்டுவுக்குப் பயம் குறைவு. எங்கே தப்பு என்று தேடுவதிலேயே பொழுது போய்விடும். வேலை சரியாக நடக்கிற நாள்தான் அவளுக்கு ஆகாது. எதையோ விட்டுவிட்டோம் என்றே இருக்கும். அன்றைக்கு எல்லாமே சரியாக நடந்துகொண்டிருந்தது.

ஆள் குள்ளம் என்பதால் சின்ன வயசிலேயே விழுந்த பேர்தான் வாண்டு. கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் போகவில்லை. ஊர் முழுக்கக் கிளை வைத்திருந்த ஒரு மருந்துக்கடைக் கம்பெனியில் அவளுக்கு வேலை. பாலத்துக்கடை, ஸ்டேஷன் கடை, ஆஸ்பத்திரிக் கடை, மேட்டுக்கடை என்று கடைகளுக்கு இடத்தை வைத்துத்தான் பேர். எல்லாக் கடையிலும் போடுகிற பில் ஒரே டேட்டாபேஸில் வந்து சேரும். அதைக் கட்டி மேய்ப்பது வாண்டும் தாத்தாவும். தாத்தா என்றால் வயசானவன் இல்லை. முப்பதைத் தாண்டுவதற்குள் தலை முழுக்க நரைத்துப்போன பையன்.

காலையில் ஆபீசுக்குள் காலை வைத்ததுமே மேடம் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார். மேடம்தான் அந்த ஆபீசுக்குத் தலை. நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார். குழந்தைகளுக்கான இருமல் சிரப்பில் ஒரு பேட்ச், ஒரே தடவையில் காய்ச்சின தொகுதி, கெட்டுப்போயிருக்கிறது. கெட்டது என்றால் புளித்தது இல்லை. தூக்கம் வரவைக்கிற மருந்து பல மடங்கு கூடுதலாகக் கலந்துவிட்டது. தயாரித்த கம்பெனியே தகவல் சொல்லியிருக்கிறது.

"கடையில இருக்கிற பாட்டிலை எடுக்கச் சொல்லிட்டேன். வீட்டுக்குப் போன பாட்டில்தான் பிரச்சினை. யார் யார் வாங்கினாங்கன்னு எனக்கு வேணும். போன் பண்ணிச் சொல்லணும்."

கேட்பதற்குச் சின்னக் கேள்வி. ஆனால் அவர்கள் டேட்டாபேஸுக்கு அந்தக் கேள்வியே தெரியாது. விற்ற மருந்து ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு வரி. எந்தக் கடை, எந்த பேட்ச் நம்பர், வாங்கினவரின் போன், முகவரி எல்லாம் அந்த வரியில் இருக்கும். அந்த வரிகளெல்லாம் வாங்கினவரின் போன் நம்பர்படி அடுக்கப்பட்டிருந்தன. ஒரு நம்பரைக் கொடுத்தால் அந்த ஆள் வாங்கின மருந்தெல்லாம் கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்து நிற்கும். கடைக்காரர்களுக்கு அது போதும். இந்த மருந்தை யார் வாங்கினார்கள் என்று மாற்றிக் கேட்டால், முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துத்தான் பதில் சொல்லும். அதற்கு ஸ்கேன் என்று பேர். ஸ்கேன் ஓடினால் கடைகளில் பில் மிஷினெல்லாம் மூச்சு வாங்க ஆரம்பிக்கும். போன வருஷம் தாத்தா ஒருமுறை தெரியாத்தனமாக ஓட்டி, எல்லாக் கடையிலும் வரிசை வாசல்வரை நின்று, அவனுக்குக் கிடைத்த திட்டில் மிச்சமிருந்த கறுப்பு முடியும் போய்விட்டது என்று ஆபீசில் சொல்வார்கள்.

"ஸ்கேன் வேண்டாம் மேடம்," என்றாள் வாண்டு. "பேட்ச் நம்பர் மேல ஒரு செகண்டரி இண்டெக்ஸ் போடலாம்."

"அப்படின்னா?"

"அதே வரிங்களை இன்னொரு விதமா அடுக்கி வச்சுக்கிறது. போன் நம்பர் அடுக்கு அப்படியே இருக்கும். பக்கத்துலயே பேட்ச் நம்பர்படி இன்னொரு அடுக்கு. அதுல போய்க் கேட்டா, அந்த பேட்ச்சை வாங்கினவங்க மட்டும் உடனே வந்துடுவாங்க. கடைங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது."

தாத்தா தலையாட்டினான். மேடமும் தலையாட்டினார். இண்டெக்ஸ் கட்ட ஆரம்பித்தது. பழைய வரிகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் புது அடுக்கில் வைத்துக்கொண்டே போனது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிட்டது. வாண்டு பேட்ச் நம்பரைக் கொடுத்தாள். விரலை எடுப்பதற்குள் பட்டியல் வந்தது.

பட்டியல் நேராகக் கீழ்த்தளத்துக்குப் போனது. வாடிக்கையாளர்களோடு பேசுகிற அறை அங்கேதான். அந்த அறைக்குப் பொறுப்பு வாண்டுவின் நாத்தனார், புருஷனின் தங்கை. அவள் சொல்லித்தான் வாண்டுவுக்கே இங்கே வேலை கிடைத்தது. அதை வாரத்துக்கு ஒரு முறையாவது ஞாபகப்படுத்தாமல் அவளுக்குச் சோறு இறங்காது. ஆனால் வேலையென்று வந்துவிட்டால் புயல். அறையில் இருந்த பெண்கள் எல்லோரையும் போனில் உட்கார வைத்து, எடுக்காதவர்களுக்குத் திரும்பத் திரும்ப அடித்து, தேநீர் வருவதற்குள் பட்டியலை முடித்துவிட்டாள்.

"அண்ணி, எல்லாருக்கும் சொல்லியாச்சு," என்று மாடியேறி வந்து வாண்டுவின் மேஜையில் சாய்ந்தாள். "ஒரு ஆள் அழுதுட்டான். ஒரு அம்மா என்னையே திட்டுச்சு, நான்தான் சிரப் காய்ச்சின மாதிரி. ஆனா உன் பட்டியல் அருமை. எங்க அண்ணன் உன்னைக் கட்டினதுல இன்னைக்குத்தான் ஒரு பிரயோஜனம்."

வாண்டு சிரித்தாள். எல்லோருக்கும் தெரிவித்தாகிவிட்டது என்று மேடம் மேலிடத்துக்கு எழுதி அனுப்பினார். அனுப்பியதைச் சத்தமாகப் படித்தும் காட்டினார்.

அதற்குப் பிறகுதான் மேட்டுக்கடையிலிருந்து புகார் வந்தது. காலையிலிருந்து பில் சரியாக ஏறவில்லையாம்.

"மேட்டுக்கடையா?" என்றான் தாத்தா. "அங்க இருக்கிற மிஷினைப் பார்த்தா நானே அண்ணேன்னு கூப்பிடுவேன். எல்லாக் கடையிலும் மாத்தினப்ப அந்தக் கடை மட்டும் விட்டுப்போச்சு. நாளைக்குப் பார்த்துக்கலாம் விடு."

நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று யாராவது சொன்னால் வாண்டுவால் உட்கார முடியாது. கடைக்குப் போன் போட்டாள். கவுன்டரில் இருந்த அண்ணன் எடுத்தார். பின்னால் குழந்தை இருமுகிற சத்தம், யாரோ சில்லறை கேட்கிற சத்தம்.

"ஆமாம்மா, காலையில இருந்து இதே ரோதனை. சிலது ஏறுது, சிலது ஏறமாட்டேங்குது. மாத்திரை ஏறுது, களிம்பு ஏறலை. இன்னொரு கம்பெனிக் களிம்பு ஏறுது. என்ன கணக்குன்னே புரியலை. நான் பாட்டுக்குப் பேப்பர்ல எழுதிக் கொடுத்துட்டிருக்கேன்."

"ஏறாதப்ப என்ன சொல்லுதுண்ணே?"

"இங்கிலீஷ்ல என்னவோ திட்டுது. நான் படிக்கிறதில்லை."

வாண்டு இந்தப் பக்கம் பதிவுகளைத் திறந்து பார்த்தாள். திருப்பி அனுப்பப்பட்ட பில்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே காரணம். புது இண்டெக்ஸில் பேட்ச் நம்பர் எழுத்தாக இருக்க வேண்டும், வந்திருப்பது எண் என்று போட்டிருந்தது.

முதலில் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. மற்றக் கடைகளின் மிஷின்கள் பேட்ச் நம்பரை, அது வெறும் இலக்கங்களாக இருந்தாலும், எழுத்துகளாகவே எழுதிக்கொள்ளும். இண்டெக்ஸ் கட்டும்போது அவளும் எழுத்து என்றுதான் சொல்லியிருந்தாள். மேட்டுக்கடையின் கிழட்டு மிஷின் மட்டும், பேட்ச் நம்பரில் வெறும் இலக்கங்களே இருந்தால் அதை எண்ணாக மாற்றிச் சேர்த்திருக்கிறது. நடுவில் ஒரு எழுத்து கலந்திருந்தால் எழுத்தாகவே விட்டுவிடும். அதனால்தான் ஒரு களிம்பு ஏறுகிறது, இன்னொன்று ஏறவில்லை. பார்க்கிற கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். டேட்டாபேஸுக்கு இரண்டும் வேறு வேறு சாதி சாமான்.

இவ்வளவுதானா என்று நிமிர்ந்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

புதிதாக வருகிற வரியை இண்டெக்ஸ் வாசலிலேயே மறித்துச் சத்தம் போடுகிறது. சரி. காலைக்கு முன்னாலேயே உள்ளே வந்து உட்கார்ந்திருந்த பழைய வரிகளை என்ன செய்தது? சத்தம் எதுவும் போடவில்லை. தன் அடுக்கில் வைக்க முடியாததைப் பேசாமல் தாண்டிப் போயிருக்கும். கேட்டால் கிடைத்ததை மட்டும் எடுத்துக் கொடுக்கும். கிடைக்காதது இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லாது.

கெட்டுப்போன சிரப்பின் பேட்ச் நம்பரைப் பார்த்தாள். வெறும் இலக்கங்கள்.

மத்தியானம் கொடுத்த பட்டியலைத் திறந்தாள். பாலத்துக்கடை இருந்தது. ஸ்டேஷன் கடை, ஆஸ்பத்திரிக் கடை இருந்தன. விரலால் திரையைத் தடவிக்கொண்டே கீழே போனாள். மேட்டுக்கடை என்று ஒரு வரிகூட இல்லை. அந்தக் கடைக்கு அந்தச் சிரப் போகாமலே இருந்திருக்கலாம் என்று ஒரு நப்பாசை. மேட்டுக்கடை அண்ணன் இன்னும் போனில்தான் இருந்தார்.

"அண்ணே, குழந்தைங்க இருமல் சிரப் ஒண்ணு இருக்குல்ல, திருப்பி எடுக்கச் சொன்னது. அது உங்க கடைக்கு வந்துச்சா?"

"வராமலா? ரெண்டு பெட்டி வந்துச்சு. காலையில எடுத்து வைக்கச் சொன்னாங்க, அலமாரியில இருந்தாத்தானே எடுத்து வைக்க? இந்தக் குளிருக்கு வந்த வேகத்துல போயிடுச்சு. ஏம்மா, அதுக்கு வாங்கினவங்களுக்கெல்லாம் நீங்கதான் போன் பண்றீங்கன்னு சொன்னாங்களே. பண்ணிட்டீங்கல்ல?"

வாண்டு திரும்பிப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே வெயில் சாய்ந்திருந்தது. பள்ளிக்கூடம் விட்டிருக்கும். வீட்டுக்குப் போன குழந்தைகள் இருமியிருப்பார்கள். சாயங்கால வேளை மருந்துக்கு யாராவது பாட்டிலைக் குலுக்கிக்கொண்டிருப்பார்கள்.

"பண்றோம்ணே," என்று வைத்தாள்.

மேடத்தின் அறைக்குள் அவள் போனபோது நாத்தனாரும் அங்கே இருந்தாள். தரையில் ஒரு டைல்ஸ் விரிசல் விட்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு வாண்டு நடந்ததைச் சொன்னாள்.

"எல்லாருக்கும் சொல்லியாச்சுன்னு எழுதி அனுப்பிட்டேன்," என்றார் மேடம்.

"தெரியும் மேடம்."

"அண்ணி, விளையாடாத," என்றாள் நாத்தனார். "பட்டியல்ல இருந்த அத்தனை பேர்கிட்டயும் நான் பேசியிருக்கேன்."

"பட்டியல்லயே அவங்க இல்லை. உன் மேல தப்பில்லை. நான் போட்ட இண்டெக்ஸ்ல அவங்க ஏறவே இல்லை."

"சரி, இன்னொரு இண்டெக்ஸ் போடு," என்றார் மேடம். "காலையில போட்ட மாதிரி."

"அது கட்டி முடிக்க மறுபடி அரை நாள் ஆகும் மேடம். அதுக்குள்ள ராத்திரி மருந்தும் கொடுத்துடுவாங்க."

"அப்ப மேட்டுக்கடை பில்லை மட்டும் தனியா எடு."

"கடைவாரியா நாம அடுக்கலை. போன் நம்பர்வாரியாத்தான் இருக்கு. எந்த நம்பர்னு தெரியாம…" வாண்டு தலையை நிமிர்த்தினாள். "ஸ்கேன்தான் ஓட்டணும். இப்பவே."

"இப்ப மணி என்ன தெரியுமா? எல்லாக் கடையிலும் கூட்டம் ஏறுற நேரம். பில் மிஷின் படுத்துட்டா ஆஸ்பத்திரிக் கடையில என்னை உரிச்சுத் தொங்கவிடுவாங்க."

"பில் மெதுவா வரும் மேடம். நின்னு வாங்கிட்டுப் போவாங்க. திட்டுவாங்க. திட்டட்டும்."

தன் வாயிலிருந்துதான் அது வந்தது என்று வாண்டுவாலேயே நம்ப முடியவில்லை. மேடம் அவளையே பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, கடைகளுக்குச் சொல்லப் போனை எடுத்தார்.

"ஓட்டு," என்றார்.

தாத்தா அதற்குள் விஷயத்தைக் கேட்டு முகம் வெளுத்திருந்தான். டேட்டாபேஸ் வரிகள் முழுவதையும் நாலு துண்டாகப் பிரித்து நாலையும் ஒரே சமயத்தில் புரட்டலாம், சீக்கிரம் முடியும் என்றான். இந்தத் தடவை வாண்டு பேட்ச் நம்பரை எழுத்தாகவும் கேட்டாள், எண்ணாகவும் கேட்டாள். மத்தியானப் பட்டியலில் ஏற்கெனவே வந்தவர்களை மட்டும் விட்டுவிடச் சொன்னாள். இரண்டு முறை படித்துப் பார்த்தாள். தாத்தாவையும் படிக்கச் சொல்லிவிட்டு ஓட்டினாள்.

ஓட ஆரம்பித்ததும் ஆபீசில் இருந்த போன்களெல்லாம் அடிக்க ஆரம்பித்தன. ஸ்டேஷன் கடையில் பில் நகரவில்லை. பாலத்துக்கடையில் ஒருவர் மருந்தைக் கவுன்டரிலேயே வீசிவிட்டுப் போய்விட்டார். மேடம் ஒவ்வொருவருக்கும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார். வாண்டு திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. புரட்டிய வரிகளின் கணக்கு மளமளவென்று ஏறியது. கிடைத்தது ஒன்றுமில்லை. ஒருவேளை தான் நினைத்ததே தப்பாக இருக்குமோ என்று தோன்றியது. அப்படித் தப்பாக இருந்துவிட்டால் நல்லது என்றும் தோன்றியது.

முதல் வரி விழுந்தது. மேட்டுக்கடை. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு நிற்காமல் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருந்தன.

முடியட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. நாத்தனார் தன் ஆட்களோடு மாடிக்கே வந்துவிட்டாள். ஒவ்வொரு நம்பரும் விழ விழ ஒருத்தி எடுத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்று பேசினாள். பாதிப் பேர் பாட்டிலைத் திறக்கவே இல்லை. ஒரு வீட்டில் குழந்தை துப்பிவிட்டதாம்.

"நல்ல புள்ளை," என்றாள் நாத்தனார் போனில். "திட்டாதீங்க, ஒரு முத்தம் கொடுங்க."

பெண்கள் எல்லோரும் பேச்சில் இருந்தபோது அடுத்த நம்பர் விழுந்தது. வாண்டுவே எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்து நின்றது. மறுபடி அடித்தாள். நின்றது. மூன்றாவது தடவை ஒரு ஆள் எடுத்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"யாருங்க? மெதுவாப் பேசுங்க, பாப்பா தூங்குது."

வாண்டு விஷயத்தைச் சொன்னாள். சுருக்கமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தும் வார்த்தைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுந்தன. மருந்துக்கடை, மேட்டுக்கடை, இருமல் சிரப், இனிமேல் கொடுக்காதீர்கள்.

"அட, அந்தச் சிரப்பா. நல்லாத்தானே கேக்குது. மூணு நாளா பொட்டுத் தூக்கம் கிடையாது அதுக்கு. இப்பத்தான் அசந்து தூங்குது."

"எப்ப கொடுத்தீங்க?"

"ஸ்கூல் விட்டு வந்ததும். இன்னைக்குத்தான் முதல் தடவை."

"எப்ப இருந்து தூங்குறா?"

"கொடுத்ததும் படுத்துட்டா. சாப்பிடக்கூட எழுந்திருக்கலை. விடுங்க, தூங்கட்டும். காலையில நான் கடைக்கு வந்து பேசிக்கிறேன்."

"அண்ணே, எழுப்புங்க."

"என்னம்மா நீங்க. மூணு நாளா நானும் தூங்கலை, அவ அம்மாவும் தூங்கலை—"

"எழுப்புங்கண்ணே. போனை வைக்காதீங்க. அது சாதாரணத் தூக்கம் இல்லை. இப்ப எழுப்புங்க."

ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தான் கத்திவிட்டோம் என்பது வாண்டுவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பக்கம் போனை எங்கேயோ வைக்கிற சத்தம் கேட்டது. காலடிச் சத்தம். கதவு. தூரத்திலிருந்து அந்த ஆளின் குரல் வந்தது.

"பாப்பா. கண்ணு. ஏந்திரி. அப்பாவைப் பாரு." கொஞ்சம் இடைவெளி. "பாப்பா." இன்னும் கொஞ்சம் பலமாக, "இந்தா, இங்க வாயேன், பாப்பா எழுந்திருக்க மாட்டேங்குது."

ஒரு பெண்ணின் குரலும் சேர்ந்துகொண்டது. நாத்தனார் தன் போனை முடித்துவிட்டு வாண்டுவின் பக்கத்தில் வந்து நின்றாள். மேஜையிலிருந்த இன்னொரு போனை எடுத்து, அந்த வரியில் இருந்த முகவரியைப் பார்த்து ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள்.

வாண்டுவின் காதில் தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்டது. அம்மாக்காரி பேர் சொல்லிக் கூப்பிட்டாள். மறுபடி மறுபடி கூப்பிட்டாள். போன் காதில் சுட்டது. வாண்டு மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். இத்தனை சத்தத்துக்கு நடுவில் தனக்கு ஒரு சின்னச் சத்தம் வேண்டும், ஒரே ஒரு சின்னச் சத்தம்.

முதலில் ஒரு முனகல். அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம் சலித்துப்போன, குழறலான ஒரு குரல், "விடும்மா…" என்றது. தொடர்ந்து அழ ஆரம்பித்தது. தூக்கத்தைக் கெடுத்த கோபத்தில் வீறிட்டு அழுகிற அழுகை இல்லை. சோர்ந்துபோய், இழுத்து இழுத்து அழுதது. ஆனால் நிற்காமல் அழுதது.

அந்த ஆள் போனை எடுத்தார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"கண்ணைத் திறந்துட்டா. திறந்து திறந்து மூடிக்கிறா."

"மறுபடி தூங்கவிடாதீங்கண்ணே. வண்டி வந்துட்டிருக்கு. பாட்டிலையும் கையில எடுத்துக்கோங்க, டாக்டர்கிட்ட காட்டணும். அதுவரைக்கும் பேசிட்டே இருங்க, அழவிடுங்க."

"அழுதுட்டுத்தாம்மா இருக்கா."

"அழட்டும்ணே," என்றாள் வாண்டு.

வண்டி வந்து கதவைத் தட்டுகிறவரை அவள் போனை வைக்கவில்லை. திரையில் நாலு துண்டில் மூன்று முடிந்து, நாலாவது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக ஒரு வரி விழுந்தது. வேறு ஒரு நம்பர். வாண்டு முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டு அந்த நம்பரைத் தட்ட ஆரம்பித்தாள்.